கஞ்சி போட்ட கார்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று என் பெண்டாட்டி இந்திராணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பொய். மூக்கின் மேல் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடுமே! என் கோபம் நாக்கில் இருக்கிறது. அதனால்தான் 1960 மார்ச்சில், பெற்ற மகளே மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தாள்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்தோடு சேரும், எங்கள் நகரி ஆந்திராவிலேயே இருக்கும் என்று முடிவாகியிருந்த சமயம் அது. அதற்குள் சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து நகரியில் ஒரு விளையாட்டு விழா நடத்திவிட வேண்டும் என்று சாரணர் மாஸ்டர் முனிகிருஷ்ணனுக்கு ஆசை. ஓட்டப்பந்தயம், சாக்குப் பந்தயம் எல்லாம் பார்த்துச் சலித்துப்போன மனுஷர். புதிதாக ஒன்று சொன்னார். மரத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கார் செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் இரண்டு நீளப் பலகைகளைச் சாய்த்துப் போடுவார்கள். பலகைக்கு ஒரு கார். மேலே வைத்துக் கையை எடுத்தால் தானாக உருண்டு கீழே வர வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை, பெற்றவரும் பிள்ளையும் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

என் மகள் அலர்மேல்மங்கை ஐந்தாம் வகுப்பு. இதைக் கேட்டுவிட்டு வந்த அன்று பையைக்கூட இறக்கவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்திருந்த என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "நைனா, நாமளும் செய்யலாம் நைனா! சக்கரம் மட்டும் நான் செய்றேன், எனக்கு உட்டுடணும்" என்றாள்.

"செய்யலாம், செய்யலாம்" என்றேன். அப்போது எனக்குப் பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை. ஆர்வம் வந்தது ஞாயிற்றுக்கிழமை, என் மச்சான் கோவர்த்தனன் திருத்தணியிலிருந்து வந்தபோது. இந்திராணிக்கு அண்ணன். கூடவே மகன் கன்னையாவையும் கூட்டி வந்திருந்தார். கறிக்குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"இன்னா மாப்ளே, அடுத்த மாசம் நீ வேற ராஜ்யம், நான் வேற ராஜ்யம். உன் ஊட்ல துன்னணும்னா பர்மிட்டு வாங்கிக்கினு வரணுமா?"

"பர்மிட்டு இருந்தாலும் சோறு கிடையாது" என்றேன்.

"சோறு கெடக்கட்டும். கார் பந்தயத்துல எங்களைத் தாண்டுவியா? நானும் கன்னையாவும் பாதி செஞ்சு முடிச்சுட்டோம். தோத்தவன் ஜெயிச்ச பிள்ளையைத் தோள்ல தூக்கிக்கினு பள்ளிக்கூடத்துல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகணும். கடைத்தெரு வழியா. இன்னா சொல்றே?"

கடைத்தெருவில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. கன்னையாவோ கொழுகொழு என்று இருப்பான். இருந்தாலும் என் நாக்கு சும்மா இருக்குமா? "இப்பவே தோளுக்கு எண்ணெய் தேச்சு வை மச்சான்!" என்றுவிட்டேன்.

அந்த நிமிஷத்திலிருந்து பந்தயம் மங்கையுடையது இல்லை, என்னுடையது. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்து ஊடை நூலைப் போடுமே நாடா, அதில் தேய்ந்துபோன ஒன்று பரணில் கிடந்தது. மழமழவென்று, இரண்டு முனையும் கூராக இருக்கும். காருக்கு உடம்பு அதுதான் என்று எடுத்தேன். மங்கை உளியைத் தொட்டாள். "கையை வெட்டிக்குவே, வை." ரம்பத்தைப் பிடித்தாள். "கோணலாப் போயிடும், தள்ளு." நூல் சுற்றி வந்த பழைய மரக்கட்டையை நான் வில்லை வில்லையாக அறுத்து நான்கு சக்கரம் செய்தேன். ஒன்றை மட்டும் அவளிடம் தேய்க்கக் கொடுத்தேன். அதையும் பாதியில் வாங்கி நானே தேய்த்தேன். அவள் முகம் சுருங்கியதை அன்று நான் கவனிக்கவில்லை.

கடைசியாகக் கஞ்சி. எங்கள் தொழிலில் கஞ்சி இல்லாமல் எதுவும் ஓடாது. பாவைத் தெருவில் நீட்டிக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, நீவி, வெயிலில் காய வைத்தால்தான் நூலில் பிசிறு அடங்கும், நாடா வழுக்கிக்கொண்டு போகும். காரும் ஓடுகிற சாமான்தானே? நல்ல கெட்டிக் கஞ்சியாக வடித்து, மங்கையைத் துணியில் பிழிந்து தரச் சொல்லி, காரின் உடம்புக்கு ஒரு கை, சக்கரத்துக்கு ஒரு கை, சக்கரம் சுற்றுகிற ஆணிக்கு ஒரு கை என்று தடவினேன்.

"நைனா, ஆணிக்கு வேணாம்" என்றாள் மங்கை. "ராட்டைக்கு நாம கஞ்சியா போடறோம்? எண்ணெய்தானே போடறோம்?"

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ராட்டையில் உட்கார்ந்து, நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றித் தருவது அவள் வேலை. நாலு வருஷமாகச் சுற்றுகிறாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வழுக்குகிறது வேறு, சுற்றுகிறது வேறு. ஆனால் என் நாக்கு முந்திக்கொண்டது.

"தார் சுத்தற பொண்ணு, தறி ஓட்டறவனுக்குச் சொல்லித் தர்றியா? பெரிய இஞ்சினீரு! வாயை மூடிக்கினு போ!"

மங்கை அழவில்லை. கையிலிருந்த கஞ்சித் துணியை மடித்து வைத்தாள். "சரி. நீயே ஓட்டிக்கோ" என்றாள். போய்விட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று நாள். தார் சுற்றிக் கொண்டுவந்து தறியின் ஓரத்தில் வைப்பாள், ஒரு வார்த்தை கிடையாது. சாப்பிட்டாயா என்றால் தலையாட்டுவாள். இந்திராணி வேறு, "இன்னாய்யா, பந்தயம் கொழந்தைக்கா, உனக்கா?" என்று குத்தினாள். நான் வீம்புக்குக் காரை வெயிலில் வைத்து வைத்துப் பளபளப்பாக்கினேன். வீட்டுக்குள் தரையில் தள்ளிப் பார்த்தேன், நன்றாகவே ஓடியது. பார்த்தாயா என்று திரும்பினால், பார்க்க அவள் அங்கே இல்லை. அவள் பேச்சு இல்லாத அந்த வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

பந்தயத்தன்று பார்த்துக் காலையில் ஒரு தூறல். காரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். மங்கை தலை நிறைய எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு, எனக்குப் பத்தடி பின்னால் வந்தாள்.

முனிகிருஷ்ணன் மாஸ்டர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "செப்பும்மா, இந்தக் கார்ல நீ என்ன வேலை செஞ்சே?"

மங்கை என்னைப் பார்த்தாள். ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் கார் அங்கேயே அவுட்.

"கஞ்சித் துணி புழிஞ்சேன் சார்" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பிள்ளை என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. எனக்குத்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

முதல் ஜோடியே நாங்களும் மச்சானும். மேலே இரண்டு காரையும் வைத்தார்கள். விசில் ஊதியது. கன்னையாவின் கார் கடகடவென்று இறங்கிப் போனது. என்னுடையது? வைத்த இடத்தில் அப்படியே நின்றது. அவ்வளவு சரிவில், பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி நின்றது! பள்ளிக்கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. "மாப்ளே, உன் காரு ராஜ்யத்தை விட்டு வரமாட்டேங்குதே!" என்று மச்சான் கத்தினார்.

"லேது, லேது, அவுட் இல்ல. சக்கரம் சுத்தலைன்னா இன்னொரு சான்ஸ் உண்டு. அது எல்லாருக்கும் வெச்ச ரூலு" என்றார் மாஸ்டர். "அடுத்த ரெண்டு ஜோடி ஓடற வரைக்கும் டைம். சரி பண்ணிக்கினு வாங்க, திரும்ப ஓட்டலாம்."

காரைத் திருப்பிப் பார்த்தேன். தூறல் ஈரத்தில் கஞ்சி ஊறி, ஆணியும் சக்கரமும் பிசினாக ஒட்டிக்கிடந்தன. அடப்பாவி! தூறல் விழுந்தால் கஞ்சி போட்ட பாவைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடுகிறவன் நான். ஈரக் கஞ்சி நூலோடு நூலை ஒட்டிவிடும் என்று எனக்குத் தெரியாதா? தட்டினேன், ஊதினேன், திருகினேன். ஒரு ஜோடி ஓடி முடித்துவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மங்கை படிக்கட்டோரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனேன். பெற்ற பெண்ணிடம் தோற்றுப்போனேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட, முடியாது போ என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. மச்சான், கடைத்தெரு, தோள் எதுவும் அப்போது ஞாபகத்தில் இல்லை. இவள் என்னோடு பேச வேண்டும், அவ்வளவுதான்.

"மங்கா, நைனாவுக்குத் தெரியலம்மா. நீ சொன்னதுதான் சரி. இன்னா செய்யணும், சொல்லு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு காரை வாங்கிக்கொண்டாள்.

"வெந்நி வேணும். ஓடு நைனா!"

ஓடினேன். டீக்கடையிலிருந்து ஒரு லோட்டா வெந்நீரோடு திரும்புவதற்குள் அவள் கல்லால் தட்டி நான்கு ஆணியையும் கழற்றி வைத்திருந்தாள். கஞ்சியைக் கரைத்துக் கழுவினாள், பாவாடையில் துடைத்தாள். "நூல் குடு" என்றாள். என் இடுப்பு மடிப்பில் கழிவு நூல் இல்லாத நாள் ஏது? கொடுத்தேன்.

"எண்ணெய்க்கு எங்கம்மா போறது?"

அவள் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டு, நூலை அதில் இரண்டு முறை உருவினாள். நூல் எண்ணெயில் நனைந்து மின்னியது. அதை ஆணியில் சுற்றித் தேய்த்து எடுத்தாள், சக்கரத்தைப் பொருத்தினாள், காதருகே வைத்துச் சுண்டிவிட்டாள். ராட்டையை அப்படித்தான் சோதிப்பாள். "சத்தம் வரக்கூடாது நைனா. வந்தா புடிக்குதுன்னு அர்த்தம்." நாலு சக்கரமும் சத்தமில்லாமல் சுற்றின. நான் செய்த வேலை லோட்டாவைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

மறுபடி விசில். இந்த முறை கார் நின்று யோசிக்கவில்லை. நாடாவின் கூர்முனை காற்றைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. கன்னையாவின் காரைப் பாதியிலேயே தாண்டி, ஒரு முழம் முந்திக் கோட்டைத் தொட்டு ஜெயித்து, மாஸ்டரின் கால் கட்டைவிரலில் போய் முட்டியது. "அம்மா!" என்று அவர் ஒற்றைக் காலில் குதித்தார். நான் இரண்டு காலிலும் குதித்தேன். அதற்கடுத்த சுற்றில் சத்தியவேட்டுக்காரர் ஒருவரும் அவர் மகளும் எங்களை ஜெயித்துக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள். போகட்டும், நல்ல கார் அது.

மச்சான் வாக்குத் தவறாத மனுஷர். துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு மங்கையின் முன்னால் குந்தினார். "ஏறும்மா மருமவளே. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ராணி மாதிரி வா."

மங்கை நகரவில்லை. "நீங்க இல்ல மாமா."

"ஏன்?"

"தோத்தவங்கதானே தூக்கணும்? கஞ்சி போடணும்னது நைனா, வேணாம்னது நானு. நைனாதான் எங்கிட்ட தோத்தாரு."

மச்சான் சிரித்த சிரிப்பில் பின்பக்கமாக உட்கார்ந்தே விட்டார். நான் குந்தினேன். ஏறிக்கொண்டாள். பத்து வயசுப் பெண் அவ்வளவு கனம் இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. மளிகைக்கடை நாகபூஷணம், "இன்னா சம்முகம், தோத்துட்டியா?" என்று கேட்டார். "ஆமா, தோத்துட்டேன்!" என்று நானும் கத்தினேன்.

மங்கை என் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். மூன்று நாள் பேச்சையும் சேர்த்துப் பேசினாள். கணக்கு டீச்சர் அடித்தது, கன்னையா ஐந்து வடை தின்றது, அடுத்த காருக்கு எந்த மரம், அதில் எனக்கு என்ன வேலை கொடுப்பாள் என்பதெல்லாம். நான் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

"மாப்ளே! பஸ் ஸ்டாண்டு தாண்டிப் போச்சு, எறக்கி உடு!" என்று பின்னாலிருந்து மச்சான் கூப்பிட்டார்.

"அவ இன்னும் பேசி முடிக்கல மச்சான்" என்று சொல்லிவிட்டு, நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன்.