ஒரு சதமும் கேட்காத சம்பந்தம்

“எங்களுக்குச் சீதனமெண்டு ஒரு சதமும் வேண்டாம்” என்று ஞானேஸ்வரி மூன்றாவது தடவையும் சொன்னபோதுதான் கோசலாவுக்குப் பயம் வந்தது. வேண்டாததை ஒருமுறை சொன்னால் போதுமே.

ஞானேஸ்வரி மாப்பிள்ளையின் தாய். மாப்பிள்ளை தனேஸ் பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்தபடி இருந்தான். தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்து, கண்டி நகரில் மண்டபமும் பேசியாகிவிட்டது.

“வீட்டை எழுதித் தாறன் எண்டு சொன்னனான்தானே” என்றார் கோசலாவின் தந்தை ஸ்ரீஸ்கந்தராசா. காணிப் பதிவுக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்.

“வீடு உங்களோடயே இருக்கட்டும் அண்ணை. பிள்ளையின்ர படிப்பு எங்களுக்குக் காணும்.”

கோசலாவின் தாய் லீலாதேவிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு சம்பந்தியா என்று மனதுக்குள் முருகனைக் கும்பிட்டார். அந்தப் படிப்பைத்தான் அவர்கள் தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்று பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

கோசலாவும் தனேஸும் ஒரே ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர்கள். வாழை நாரையும் கண்ணாடி நாரையும் படை படையாக அடுக்கி, ரெசின் என்ற பிசினை ஊற்றி இறுக்கி, பாரமில்லாத பலமான கூட்டுப்பொருள் தகடு செய்வதுதான் வேலை. ஆனால் ஈரம் உள்ளே போனால் படைகள் கழன்றுவிடும். தனேஸின் தகடுகள் எல்லாம் கழன்றன. நாரை எப்படிப் பதப்படுத்தினால் ரெசின் விடாமல் பிடிக்கும் என்பதைக் கோசலா கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு நாலு வருஷம் போனது. கையுறையையும் மீறிப் பட்ட ரசாயனத்தால் விரல்களில் தோல் உரிந்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று ஞானேஸ்வரி அந்த விரல்களைப் பார்த்து, “இதென்ன பிள்ளை, தோட்டத்து ஆக்களின்ர கை மாதிரி?” என்று முகம் சுளித்தவர். உழைக்கிற கை என்றால் அவருக்கு அவ்வளவு இளக்காரம். இன்று அந்தக் கை செய்தது மட்டும் வேண்டுமாம்.

“கோசலா கண்டுபிடிச்சதைத் தனேஸ் தன்ர ஆய்வில சேர்க்கட்டும்” என்றார் அந்த அம்மா, உப்புக் கேட்பதுபோல. “அவனுக்கு வெளிநாட்டில வேலை காத்துக்கொண்டிருக்கு. பட்டம் இல்லாட்டி அது போயிடும். கட்டினாப் பிறகு உங்கட, எங்கட எண்டு என்ன கிடக்கு?”

“அப்ப கோசலான்ர பட்டம்?” என்று லீலாதேவி மெல்லக் கேட்டார்.

“ஆறுதலா வேற ஒண்டைச் செய்யட்டும். பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன அவசரம்?”

தனேஸ் இப்போதுதான் வாயைத் திறந்தான். “பேராசிரியரிட்ட நான் கதைக்கிறன், கோசலா. தனேஸ்தான் செய்தவர் எண்டு நீர் ஒரு வார்த்தை சொன்னாக் காணும்.”

நாலு வருஷத்தில் அவன் அவளுடைய ஆய்வுக்குச் செய்த உதவி, இடைக்கிடை தின்ன ரோல்ஸ் வாங்கிக் கொடுத்ததுதான்.

கோசலா தகப்பனைப் பார்த்தாள். மண்டபம் பேசியாயிற்று, ஊருக்குச் சொல்லியாயிற்று என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது.

“காசாக் கேக்கினமே பிள்ளை? காணியாக் கேக்கினமே?” என்றார் அவர். “குடுத்துவிடன். விட்டுக்குடுத்தாத்தான் குடும்பம்.”

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். மகளின் நெய்யை அள்ளி ஊற்றத் தகப்பனின் கையே எவ்வளவு தாராளமாக நீண்டது!

“அப்பா, இந்த வீட்டைச் சீதனமாக் குடுத்தா, ஆற்ற பேரில எழுதுவியள்?”

“இதென்ன கேள்வி? உன்ர பேரிலதான். சீதனம் பொம்பிளையின்ர பேரிலதானே எழுதிறது.”

“மாப்பிள்ளை தனக்கு எழுதச் சொன்னா?”

“ஏலாது. அது அவளின்ர சொத்து” என்றார் பழைய கந்தோர்க் குரலில். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

“கல்லும் மண்ணும் என்ர பேரில இருக்கலாம். நான் யோசிச்சு, கை வெந்து செய்தது மட்டும் இவற்ற பேருக்குப் போகவேணும், என்ன மாமி? வீடு வளவு கேட்டுக் குடும்பங்களை அழிச்ச சனங்கூட இப்பிடிக் கேக்கேல்லை.”

“கோவப்படாதையும் கோசலா. நீர் இல்லாட்டி எனக்கு...” என்று தனேஸ் இழுத்தான்.

“தெரியும். நான் இல்லாட்டி உங்களுக்குப் பட்டம் இல்லை.” அவள் எழுந்தாள். “தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போங்கோ.”

கலியாணம் நின்றது. “வீட்டுக்கு வந்தவையோட இப்பிடியே கதைக்கிறது?” என்று அழுத லீலாதேவி, கனநாள் மகளோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் கோசலா கலாநிதியானாள். தனேஸுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் வீட்டோடு பெண் கிடைத்தது. கலியாண அழைப்பிதழில் அவன் பெயருக்கு முன்னால் ‘கலாநிதி’ என்று தங்க எழுத்தில் அடித்திருந்தார்கள். எவரும் ஏனென்று கேட்கவில்லை. வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். உண்மையாகவே கலாநிதியான கோசலாவுக்கு ஊர் வைத்த பெயர் வேறு.

அந்தப் பெயரை லீலாதேவி ஒருநாள் கண்டிச் சந்தையில் நேரே கேட்டார். மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது தெரிந்த பெண்ணொருத்தி பக்கத்தில் வந்து, “உங்கட மகள், அந்தக் கலியாணம் குழம்பின பிள்ளை, இப்ப வீட்டிலயோ?” என்று பரிதாபமாக இழுத்தாள்.

லீலாதேவி கையிலிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தார்.

“அது கலியாணமில்லை, களவு” என்றார், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்க. “என்ர பிள்ளை கையும் களவுமாப் பிடிச்சவள்.”