வாசலெதிரே ஆறு மீட்டர்

அளவு நாடாவின் ஒரு முனையைத் தெருவிளக்குக் கம்பத்தடியில் செங்கல்லை வைத்து அமுக்கிவிட்டு, மறு முனையை இழுத்துக்கொண்டே பெய்ரோங் பின்னால் நடந்தாள். ஆறு மீட்டரில் முதுகு இடித்தது. பக்கத்து வீட்டுக் காவ் சித்தப்பாவின் நீலநிறப் பழ வண்டி, ஒரு குட்டி லாரி. அதற்குமேல் ஓரடிகூட நகர வழியில்லை.

பந்தல்காரர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, ஆறு மீட்டர்ல நான் என்னத்தப் போடறது? எங்கிட்ட இருக்கற சின்னப் பந்தலே ஒம்பது மீட்டர். ஆறுல போட்டா பெட்டி நிழல்ல இருக்கும், அழறவங்க வெயில்ல நிப்பாங்க."

"வண்டிய நகர்த்தச் சொல்லிப் பாக்கறேன்."

"யார் வண்டி அது, காவோடதா?" பந்தல்காரர் அதே வட்டாரத்து ஆள். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப நீங்க நகராட்சி ஈம மண்டபத்தையே விசாரிச்சு வைக்கறது நல்லதுக்கா."

பெய்ரோங்கின் அப்பா லியாவ் முந்தின நாள் காலையில் இறந்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்; முன்னறையில், தன் கட்டிலில், முறைப்படி தன் வீட்டுக் காற்றில் கடைசி மூச்சை விட்டார். இப்போது குளிர்பெட்டிக்குள் இருக்கிறார். பக்கத்தில் உள்ளங்கை அளவு கருவி ஒன்று அமிதாப புத்தரின் பெயரை ஓயாமல் பாடிக்கொண்டிருந்தது. அம்மா தங்கக் காகிதத்தில் தாமரை மடித்துக்கொண்டே ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"முப்பத்தெட்டு வருஷம் இந்த வாசல்லேர்ந்துதான் வேலைக்குப் போனார். கடைசியாவும் இங்கேர்ந்தே போகட்டும், ரோங். மண்டபம் வேண்டாம்."

அதற்குப் பந்தல் வேண்டும். பந்தலுக்குத் தெரு வேண்டும். தெருவுக்கு அனுமதி வேண்டும்.

காலியாகக் கிடக்கும் இடத்தைத் தனதென்று பிடித்து வைக்கும் ஆசை எல்லா ஊர் மனிதருக்கும் உண்டு. இந்தத் தைனான் நகரத்தில் அது பூந்தொட்டியாக, உடைந்த நாற்காலியாக, சிமென்ட் ஊற்றிய வாளியாக உருவெடுத்து, வீட்டெதிரே வண்டி நிறுத்தும் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தெரு பொது, பொருளை வைத்து இடம் பிடிப்பது குற்றம். சுற்றுச்சூழல் துறை முதலில் ஓர் அறிவிப்பை ஒட்டும். கெடு தீர்ந்தும் பொருள் அங்கேயே இருந்தால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடும். ஏற்றுகிற வேலைதான் லியாவுக்கு. ஊரெல்லாம் ஏற்றியவர் சொந்தத் தெருவை மட்டும் விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அதிகம் ஏமாந்தவர் காவ்.

அன்று காலை, அப்பாவின் இழுப்பறையில், பல் வைத்தியர் ரசீதுகளுக்கும் ஸ்கூட்டர் காப்பீட்டுக்கும் நடுவே, பெய்ரோங்குக்கு ஒரு படிவம் கிடைத்தது. தெருவைப் பயன்படுத்த அனுமதி கோரும் விண்ணப்பம். அப்பாவின் கட்டம் கட்டமான கையெழுத்து. காரணம்: ஈமச் சடங்கு. இறந்தவர் பெயர்: அவருடையதே. நீளம் ஆறு மீட்டர், அகலம் இரண்டரை. 'தீயணைப்பு வண்டி போக வழி விடப்பட்டுள்ளது' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. தேதி மட்டும் காலி.

பின்பக்கத்தில் பென்சிலால் இன்னொன்றும் எழுதியிருந்தது. அதைப் படித்தவள் அம்மாவிடம் காட்டவில்லை.

பந்தல் ஆறு மீட்டரைத் தாண்டினால், தாண்டுகிற இடம் யார் வீட்டெதிரே வருகிறதோ அவருடைய கையெழுத்தும் வேண்டும். பெய்ரோங் படிவத்தையும் பசையையும் சிவப்புக் காகிதச் சதுரங்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சாவு விழுந்தால் அக்கம்பக்கத்துக் கதவுகளில் சிவப்பு ஒட்ட வேண்டும். அப்போதுதான் துக்கம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. துக்க வீட்டார் பிறர் வீட்டுப் படியையும் மிதிக்கக் கூடாது. அவள் காவ் வீட்டெதிரே தெருவிலேயே நின்றாள். அவர் வாசலில் குந்தியபடி கொய்யாப்பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா."

"தெரியும்மா." அவர் தலை நிமிரவில்லை. "ஒட்டு. வலப்பக்கம் வேண்டாம், அங்க பெயின்ட் உரியுது."

எட்டி நின்று இடப்பக்கம் ஒட்டினாள். விரலில் இருந்த பசையைத் துடைத்துக்கொண்டே, "மூணு நாளைக்கு உங்க வண்டிய..." என்று ஆரம்பித்தாள்.

"எங்க கொண்டுபோய் நிறுத்த? உங்கப்பன் தலமேலயா?" என்றவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "பழக்கதோஷம். மனசுல வெச்சுக்காத."

"இல்ல சித்தப்பா."

"பதினோரு வாளி எடுத்திருக்கான். பதினொண்ணு. செடி வெச்சா மனசு வராதுன்னு ஒரு தடவ வாளில காகிதப்பூ நட்டேன். காலைல பாத்தா வாளியக் காணோம். காகிதப்பூ மட்டும் புதுத் தொட்டில, என் கதவோரமா, தண்ணி ஊத்தி நிக்குது. தொட்டி அவன் வாங்கினது. இப்பிடி ஒருத்தன்கிட்ட எப்பிடிம்மா சண்ட போடறது?"

அந்தக் காகிதப்பூ இப்போது கதவுக்கு மேலே ஏறி, பழக்கடைப் பலகையில் பாதியை மறைத்திருந்தது.

"அது அவர் வேலை சித்தப்பா."

"வேலைதான். யார் இல்லேன்னா? ஒரு தடவ கண்ண மூடிட்டுப் போயிருக்கலாமில்ல. ஒரே ஒரு தடவ." கொய்யாவைக் கூடையில் எறிந்தார். "முடியாதும்மா. அங்கேர்ந்து எடுத்தா கோயில் திடல்லதான் நிறுத்தணும். விடியக்காலைல அத்தன கூடையையும் முதுகுல சொமந்துட்டு அவ்ளோ தூரம் நடக்க எனக்கென்ன இருவது வயசா?"

அவள் தலையசைத்தாள். அப்பா எழுதியிருந்தது சரிதான். திரும்ப எத்தனித்தவளைக் காவ் விடவில்லை.

"எவ்ளோதான் கேக்கற? அதையாச்சும் காட்டு."

கையை நீட்டிப் படிவத்தைப் பிடுங்கிக்கொண்டார். கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார்.

"ஆறுன்னுதானே எழுதியிருக்கான்? என் வண்டிகிட்டயே வரலையே."

"பந்தல் ஒம்பது மீட்டர், சித்தப்பா."

"கையெழுத்து அவனோடதாச்சே. போறதுக்கு முன்னாடியே அளந்து வெச்சுட்டானா, பாவி." சொல்லிக்கொண்டே காகிதத்தைத் திருப்பினார். பெய்ரோங் கையை நீட்டுவதற்குள் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

'காவிடம் கேட்க வேண்டாம். கேட்டால் முடியாது என்பான். சொல்லிவிட்டு ஆறு மாதம் தூங்க மாட்டான். ஆறு மீட்டரே போதும்.'

நாலு வரி படிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. கூடையிலிருந்து ஒரு கொய்யா சரிந்து தெருவுக்கு உருண்டது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"எப்ப எழுதினான் இத?"

"தெரியல. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியா இருக்கும்."

"என்னைப் பத்தி ரொம்பத் தெரிஞ்சவனாட்டம் எழுதியிருக்கான்." காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார். "எங்க போடணும்?"

காவல் நிலையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு பெய்ரோங் திரும்பும்போது நீல வண்டி இல்லை. அது நின்ற இடத்தின் நட்டநடுவில், சிமென்ட் ஊற்றி இரும்புக் கம்பி நட்ட வாளி ஒன்று உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டாவது. பக்கத்தில் காவ் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"சித்தப்பா, அனுமதி நாளைக்குக் காலைல ஆறு மணிலேர்ந்துதான்."

"தெரியும். அதுவரைக்கும் சும்மா விட்டா எவனாவது கார செருகிட்டுப் போயிடுவான். அப்புறம் உங்கப்பனுக்குப் பந்தல எங்க போடுவே?"

"அப்பா இருந்தா..."

"எடுத்திருப்பான். வந்து எடுக்கச் சொல்லு." அவர் அவளைப் பார்க்கவில்லை, லியாவ் வீட்டின் திறந்திருந்த கதவைப் பார்த்துப் பேசினார். "ஒரு வார்த்த பேச மாட்டேன். இங்கயே நிக்கறேன். வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு."

உள்ளே கருவி பாடிக்கொண்டே இருந்தது. வேறு சத்தமில்லை. முந்தின நாள் முழுக்க டாக்டருக்கும் சொந்தக்காரர்களுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அழ நேரமில்லாதிருந்த பெய்ரோங், நடுத்தெருவில், ஒரு சிமென்ட் வாளிக்கு முன்னால் நின்று அழுதாள். அப்பா இனி வரமாட்டார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்தாள். விரலெல்லாம் தங்கத்தூள். வாளியைப் பார்த்தாள், காவைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, மனுஷன் உள்ள படுத்திருக்கார். அவர் கண்ணு முன்னாடியே வெக்கறியே, எடு."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார். பிறகு அவரும் பெய்ரோங்குமாக வாளியைச் சாய்த்து, உருட்டி, அவர் வீட்டுக்குள் கொண்டுபோகும்படி வாசல்வரை சேர்த்தார்கள். படியை அவள் மிதிக்கவில்லை. பெய்ரோங்கின் கணவன் யிஹோங் காரைக் கொண்டுவந்து அந்த இடத்தில் காலைவரை நிறுத்தினான். காரை நிறுத்தத்தானே இடம். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

நாள் பார்த்துச் சொன்னபடி, பந்தல் போட்ட மூன்றாம் நாள் காலை எடுத்தார்கள். லியாவின் பழைய கூட்டாளிகள் நான்கு பேர் துறையின் சட்டையோடு வந்திருந்தார்கள். ஊதுபத்தியைக் கையில் பிடித்தபடியே அவர்களில் ஒருவர் பந்தலுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் அளந்தார். அளந்து, திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். ஒன்பது மீட்டரில் அழுகிறவர்கள் எல்லோருக்கும் நிழல் இருந்தது. பெட்டி, லியாவ் தினமும் இறங்கிய அதே படியில் இறங்கியது. சவ வண்டி தெருமுனையில் திரும்பியதும் கதவுகளில் இருந்த சிவப்புக் காகிதங்களைக் கிழித்தெடுத்தார்கள். காவ் தன்னுடையதைத் தானே கிழித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மயானத்திலிருந்து அவர்கள் திரும்பியபோது மணி நாலு. பள்ளிவிடும் நேரம். பந்தலைப் பிரித்து, பந்தல்காரர் தரையைக் கழுவியும் விட்டிருந்தார். தெருவில் இருபுறமும் ஒன்றையொன்று ஒட்டி வண்டிகள், மூக்கை நுழைக்க இடமில்லை. லியாவ் வீட்டெதிரே மட்டும் ஒன்பது மீட்டர் காலியாகக் கிடந்தது. வாளி இல்லை, தொட்டி இல்லை, நாற்காலி இல்லை. முன்னால் போன வெள்ளைக் கார் அங்கே வேகம் குறைத்தது. ஓட்டிவந்த எதிர்வரிசை வீட்டுப் பெண் அந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு மெல்ல நகர்ந்து போனாள்.

"இடம் இருக்கே, போட்டுடவா?" என்றான் யிஹோங்.

பின்னிருக்கையில் அம்மா, அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம். ஒரு சுத்து சுத்திட்டு வா," என்றாள் பெய்ரோங்.

சுற்றிக்கொண்டு மறுபடி தெருவுக்குள் நுழைந்தபோது அவர்களுக்கு முன்னால் நீல வண்டி போய்க்கொண்டிருந்தது. பின்னால் அடுக்கிய கூடைகள் காலியாகக் குலுங்கின. வீட்டை நெருங்கும்போது அதன் வலது விளக்கு கண்சிமிட்ட ஆரம்பித்தது. வண்டி அந்த இடத்துக்கு நேராக ஒரு கணம் நின்றது.

பிறகு விளக்கு அணைந்தது. காவ் நேரே ஓட்டிக்கொண்டு போய், தெருக்கோடியில் கோயில் திடல் பக்கம் திரும்பினார்.