நான்கு வாய்கள்

கலியமூர்த்தி, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் பித்தளை ஜெட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளையைப் பார்த்தார். குண்டூசி தாராளமாக நுழையும். இன்னும் ஒரு தலைமுடி அளவு பெரிதாக வேண்டும். ஊசி போன்ற டிரில் பிட்டைத் துளையில் வைத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாக உருட்டினார். மெஷினில் போட்டால் துளை கோணிவிடும். பித்தளை பிசிறு விடுவதை விரல் நுனிதான் சொல்ல வேண்டும்.

தில்லியில் துவாரகா தாண்டி ஒரு பண்ணை வீடு. அதன் பின்புறக் கொட்டகையில் ஜெயந்த் சாப் ஆறு பழைய கார்களை வைத்திருந்தார். இந்தப் பச்சை நிறப் பந்தயக் காருக்கு அறுபது வயது. இரண்டு கார்புரேட்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய். எஞ்சின் கூடுதலாக மூச்சு வாங்க வேண்டும் என்று நான்கு தொண்டைகளையும் லேத்தில் கடைந்து அகலமாக்கி, எமரித் தாள் போட்டுக் கண்ணாடி போலத் தேய்த்திருந்தார் கலியமூர்த்தி. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். ஐந்து மாதமாக ஜெட்டைத் துளைப்பதும், ஓட்டிப் பார்ப்பதும், ஸ்பார்க் ப்ளக்கின் நிறத்தைப் பார்ப்பதும், மறுபடி கழற்றுவதுமாகவே போனது.

வெள்ளிக்கிழமை காலை ஜெயந்த் ஒரு போட்டோகிராபரோடு வந்தார். பந்தயம் ஞாயிற்றுக்கிழமை.

"பின் கார்புரேட்டர்ல நீடில் சரியா மூடல சாப்" என்றார் கலியமூர்த்தி இந்தியில். "பெட்ரோல் வழியுது. புது நீடில் திங்கட்கிழமை வந்துடும். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம்."

"திங்கட்கிழமை ரேஸே முடிஞ்சிருக்கும் கலியமூர்த்தி." ஜெயந்த் வாய்களை மூடியிருந்த கம்பி வலையைத் தட்டினார். "இதைக் கழட்டு. போட்டோவுல நாலு வாயும் தெரியணும்."

"எஞ்சின் திருப்பி அடிச்சா நெருப்பு வெளியே வரும் சாப். வலைதான் தடுக்கும்."

"ஒரு நிமிஷம்தானே. ஜல்தி."

கலியமூர்த்தி வலையைக் கழற்றினார். ஜெயந்த் ஏறி உட்கார்ந்து, எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே ஆக்சிலேட்டரை நாலைந்து முறை மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது. பின் வாய்கள் இரண்டும் நெருப்பைத் துப்பின. வழிந்து கிடந்த பெட்ரோல் பற்றிக்கொண்டது.

"செல்ஃப் மாரோ சாப்! செல்ஃப் மாரோ!" என்று கத்தினார் கலியமூர்த்தி. செல்ஃபை விடாமல் அடித்தால் எஞ்சின் நெருப்பை உள்ளே இழுத்து விழுங்கிவிடும். ஆனால் ஜெயந்த் கதவைத் தள்ளிக் குதித்து வாசல் வரை ஓடிவிட்டார்.

தீயணைப்பு சிலிண்டர் கொட்டகையின் மறுகோடியில் இருந்தது. இடுப்பிலிருந்த துணியை உருவி, வலது உள்ளங்கையால் அந்த இரண்டு வாய்களின் மேலும் சேர்த்து அழுத்தினார் கலியமூர்த்தி. துணி பெட்ரோலை உறிஞ்சி எரிந்தது. கையை எடுக்கவில்லை. எடுத்தால் பக்கத்திலிருக்கும் பெட்ரோல் குழாய் பிடிக்கும், பிறகு கார், பிறகு கொட்டகை. போட்டோகிராபர் சிலிண்டரை இழுத்து வந்து வெள்ளைப் பொடியைப் பீய்ச்சியபோது துணியும் தோலும் ஒன்றாகியிருந்தன.

முதலில் போன அரசு ஆஸ்பத்திரியில் தீக்காயப் படுக்கை காலியில்லை என்று கட்டுப்போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சனிக்கிழமை பகலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வராந்தாவில், கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி தாயம்மாள். ஜனக்புரியில் மூன்று வீடுகளுக்குச் சமைப்பவள். மூன்று வீட்டுக்கும் இரண்டு நாளாகப் போகவில்லை.

"ரெண்டு நாளைக்குள்ள தொடைத் தோலை எடுத்து வச்சுத் தைக்கணும். இல்லேன்னா விரல் மடங்கி உள்ளங்கையோட ஒட்டிக்கும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழையபடி வேலை செய்ய முடியுமா என்று கலியமூர்த்தி கேட்டார். அதற்கு டாக்டர் சொன்னது: "டம்ளர் பிடிக்கலாம். சட்டைப் பட்டன் போடறது கஷ்டம்."

மது வந்தான். ஜெயந்தின் அலுவலக மேலாளர். தில்லியில் பிறந்த தமிழ்ப் பையன் என்பதால் அனுப்பியிருந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"அங்கிள், ஆபரேஷன் முழுக்க சாப் பாத்துப்பார். நாளைக்குக் காலைலயே பண்ணிடலாம். இதுல மட்டும் ஒரு சைன்." குரலைத் தாழ்த்தினான். "இன்சூரன்ஸுக்கு. பானட் பெயிண்ட், வயரிங்லாம் போயிடுத்து இல்லையா?"

கலியமூர்த்தி இந்தியில் இருந்த தாளை இடது கையால் வாங்கி மெதுவாகப் படித்தார். வெளியாள் மெக்கானிக் ஒருவர், உரிமையாளர் இல்லாத நேரத்தில், வலையைத் தானாகவே கழற்றி எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். விபத்துக்கு அவரே பொறுப்பு.

அவர் தமிழில் சொல்லச் சொல்ல, தாயம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

"வண்டிக்குள்ளேருந்து குதிச்சு ஓடுனது யாரு தம்பி? அந்த வண்டிய கையால பொத்துனது யாரு? பதினோரு வருசமா அங்கதான் வேல செய்யிறாரு. வெளியாளா?"

"ரெஜிஸ்டர்ல அங்கிள் பேர் இல்லை ஆன்ட்டி." மது தரையைப் பார்த்தான். "எனக்குப் புரியறது. ஆனா சைன் இல்லாம ஆபரேஷனுக்கு ஓகே சொல்லாதேன்னுட்டார்."

"போட்டோ புடிச்சவரு பாத்தாரே?"

"அவர் பாக்கலைன்னு எழுதிக் குடுத்துட்டார்."

"இதுல கையெழுத்துப் போட்டா இனிமே எந்தக் கொட்டகையில என்னைச் சேப்பாங்க தம்பி?" என்றார் கலியமூர்த்தி.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் ஒன்று போனது. தாயம்மாள் மறுபடி உட்கார்ந்தாள். கட்டுக்கு வெளியே வீங்கித் தெரிந்த விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "டம்ளராச்சும் புடிக்கட்டும்ங்க" என்றாள்.

கலியமூர்த்தி இடது கையை நீட்டிப் பேனா கேட்டார்.

"லெஃப்ட் ஹேண்ட்ல போட்டா பேங்க்ல இருக்கற சைனோட மேட்ச் ஆகாதாம். வக்கீல் அங்கூட்டா, கைநாட்டே போதும்னுட்டார்." மது சட்டைப் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து, அவருடைய இடது கட்டை விரலைப் பிடித்து ஒற்றித் தாளில் உருட்டினான்.

ஊதா ரேகைக்குக் கீழே இந்தியில் ஒரு வரி அச்சாகியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் வாசித்துக் காட்டப்பட்டது. கலியமூர்த்தி அதையும் படித்தார். மது தாளை உறைக்குள் போட்டுக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தான்.

"கடைசியில என்னாங்க போட்டிருந்துச்சு?"

"எம் பேருதான்."

தாயம்மாள் முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கட்டை விரலைத் துடைத்தாள். ரேகைகளில் ஊறிக் கிடந்த எஞ்சின் கரியோடு மை கலந்திருந்தது. அவள் அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.