முப்பத்திரண்டு யூனிட்

காலை ஏழு மணிக்கு சுகர் பார்க்கிற மெஷின் நூற்று நான்கு என்று காட்டியது. ஆக்னஸ் அதை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகப் புருஷன் விரலைக் குத்திப் பார்க்கிறவள். இருநூறுக்குக் கீழே அது இறங்கி அவள் கண்டதில்லை. மெஷின் கெட்ட சேதி சொன்னால் உடனே நம்புவாள். நல்ல சேதி சொன்னால் எப்படி நம்புவது?

அவள் புருஷன் காஸ்பர் சென்னையில் ஆபரேஷன் முடிந்து முந்தின நாள்தான் விருத்தாசலம் திரும்பியிருந்தார். இரைப்பையைச் சின்னதாக்கி, குடலை மாற்றி இணைத்திருந்தார்கள். "எடை குறையறதுக்கு முன்னாடியே சுகர் இறங்கிடும்மா. இன்சுலின் வேணாம். இருநூறைத் தாண்டினா மட்டும் எனக்கு போன் பண்ணுங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் கட்டிலில் கிடந்த மனுஷன் போனபோது இருந்த அதே ஆகிருதியோடுதான் இருந்தார். நூற்றுப் பத்து கிலோவில் ஐந்துகூடக் குறையவில்லை. உடம்பு அப்படியே இருக்க, சுகர் மட்டும் எங்கே ஓடிப்போகும்? சென்னையில் இருந்த பத்து நாளும் மெஷினில் செருகுகிற ஸ்ட்ரிப் டப்பா இங்கே மூடாமலே கிடந்திருக்கிறது. நமுத்துப்போயிருக்கும், அதுதான் தப்பாகக் காட்டுகிறது என்று முடிவு கட்டினாள்.

அவள் பயத்துக்கும் காரணம் இருந்தது. போன வருஷம் பெண்ணாடத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் ஊசி தவறிவிட்டது. அதே வாரம் காஸ்பர் வேலை பார்க்கும் செராமிக் சூளையில் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று அவர் காலில் குத்தி ஏறியது. அவருக்கு வலியே தெரியவில்லை. புண் முற்றி, கடைசியில் ஒரு கால்விரலை எடுத்தார்கள். ஊசியை விட்டதால்தான் விரல் போயிற்று என்பது ஆக்னஸின் கணக்கு.

"போட்டுடட்டுமாங்க?"

"டாக்டரு வேணாம்னாரே."

"டாக்டரு சென்னையில இருக்காரு. உங்க காலப் பாத்துக்க வேண்டியவ நானு."

காஸ்பர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சூளை நெருப்புக்கு அஞ்சாத மனுஷன், ஊசியை மட்டும் பார்க்கவே மாட்டார். வழக்கமான முப்பத்திரண்டு யூனிட்டை அவள் ஏற்றினாள்.

எட்டரை மணிக்கு, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "கை நடுங்குது புள்ள" என்றார். அடுத்துச் சொன்னது குழறியது. ஆக்னஸ் மறுபடி விரலைக் குத்தினாள். நாற்பத்தெட்டு. இதை உடனே நம்பினாள்.

சர்க்கரை வேண்டும். சமையலறைக்கு ஓடி டப்பா டப்பாவாகத் திறந்தாள். எப்படி இருக்கும்? சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றையும் அந்த வீட்டைவிட்டு ஒழித்துக் கட்டியவளே அவள்தான். விருந்தாளிக்குக்கூட அங்கே சப்பென்ற காபிதான்.

பக்கத்து வீட்டு அம்புஜவல்லி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சக்கரை குடுங்க."

"உங்க வூட்டுக்கா?"

"அப்பறம் கேளுங்கக்கா, டப்பாவ எடுங்க."

வாங்கிக்கொண்டு ஓடிவந்து தண்ணீரில் கரைத்தவளுக்கு, டம்ளரைத் தூக்கியபோது கை நின்றுவிட்டது. இனிப்பை வாயில் வைக்கவே கூடாது, புது வயிறு தாங்காது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு பேச்சை மீறி இந்தக் கதி, இதையும் மீறினால்? காஸ்பரின் கண்கள் சொக்கிக்கொண்டு வந்தன. வருவது வரட்டும் என்று ஒரு ஸ்பூன் ஊற்றினாள். விழுங்கினார். மாதாவே மாதாவே என்று அடுத்ததை ஊற்றினாள். அரை டம்ளர் போனபிறகு அவர் பார்வை தெளிந்தது. உடனே டாக்டருக்கு போன் போட்டாள்.

"சக்கரை குடுத்தது சரிதாம்மா. ஊசி யார் போட்டது? எத்தனை யூனிட்?"

ஆக்னஸ் புருஷனைப் பார்த்தாள். காஸ்பர் அவள் கையிலிருந்து செல்லை வாங்கினார்.

"நானேதான் சார், தெரியாம போட்டுக்கிட்டேன். ஒரு பத்து யூனிட் இருக்கும்."

"பத்துதானா? அப்ப பயமில்ல. வீட்டுலயே படுத்திருங்க."

டாக்டரின் குரல் ஆக்னஸுக்கும் கேட்டது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அந்த ஊசி எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? வெடுக்கென்று செல்லைப் பிடுங்கினாள்.

"அவரு சொல்றது பொய்யி சார். நான்தான் போட்டேன். முப்பத்திரெண்டு."

"உடனே பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க. அது சாயங்காலம் வரைக்கும் இழுக்கும், குளுகோஸ் ஏத்தணும். வழியெல்லாம் சக்கரத் தண்ணி குடுத்துக்கிட்டே போங்க."

அம்புஜவல்லி ஆட்டோ பிடித்துவந்தாள். பாதி வழியில் ரயில்வே கேட் மூடிவிட்டது. கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. ஆக்னஸ் ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே புருஷனைத் திட்டினாள்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க? அவரு பேச்சக் கேட்டு வூட்டுலயே கெடந்திருந்தா?"

"நாளைக்கு எங்க வூட்டாளுங்க உன்னத்தான் பேசுவாங்க."

"பேசிட்டுப் போறாங்க. நீங்க போயிட்டா நல்ல பேர வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? வாயத் தொறங்க."

அவர் வாயைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை குளுகோஸ் ஏறியது. ஆறு மணிக்கு நர்ஸ் விரலைக் குத்தி, "நூத்திப் பத்தும்மா, இனிமே பயமில்ல" என்றாள். ஆக்னஸ் மெஷினை வாங்கித் தன் கண்ணால் பார்த்தாள். இந்தத் தடவை தட்டிப் பார்க்கவில்லை, நம்பினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.