வளையத்தில் மாட்டிய பூச்சி

நான்காவது முறையாக அதே நாற்காலிகளைப் பின்கட்டிலிருந்து வாசலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான் தம்பிக்காரன். அவற்றைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனதும் அவன்தான். உட்கார்ந்தால் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

"ஒரு இடத்துல உக்காரேன்டா. கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் அத்தை.

"வெயில் வருது அத்தை."

வெயிலாவது மண்ணாவது. வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்தது.

கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களுக்கு, "இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்" என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே படியேறுகிற மனிதன். ஆற்றில் இறங்கினால் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். நேற்றுக் காலை அதே ஆற்றில், முழங்கால் தண்ணீரில், மாரடைப்பு. இன்று மூன்று மணிக்கு எடுக்கிறார்கள்.

"கொடுத்து வச்சவன். மீன் புடிச்சுக்கிட்டே போயிட்டான்," என்று யாரோ சொல்ல, அண்ணி தலையாட்டினாள்.

அது தம்பி கொடுத்த வாக்கியம். "நான் கீழ் வளைவுல இருந்தேன் அண்ணி, ஒண்ணும் பார்க்கல. மீன் புடிச்சுக்கிட்டே போயிட்டாரு." அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஒரு ராத்திரியைத் தாண்டியிருந்தாள். முதல் பாதி பச்சைப் பொய். இரண்டாம் பாதியை அவனே நம்பிக்கொண்டிருந்தான்.

குளிர்ந்த மலையாற்றில் வாழும் ட்ரவுட் மீன் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். அதனால் அதன் முதுகுப்பக்கமிருந்து, ஓசைப்படாமல், ஆற்றை எதிர்த்து ஏற வேண்டும். நிழல் விழக்கூடாது, கல் உருளக்கூடாது, பேச்சு கூடவே கூடாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியை, நிஜப்பூச்சி தவறி விழுந்ததுபோல நீர்மேல் இறக்க வேண்டும். முன்னால் போகிறவன் கையைத் தூக்கினால் மீன் மேலே வந்திருக்கிறது, அங்கேயே நில் என்று பொருள். அண்ணன் தம்பிக்குள் இருபது வருடச் சட்டம். ஒருமுறை அதை மீறி எழுந்து நின்றதற்கு அண்ணன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நேற்று அண்ணன் கையைத் தூக்கினான். தம்பி நாணலுக்குள் அப்படியே குந்திக்கொண்டான். பத்து நிமிடம். பெரிய மீன்தான், அதான் இவ்வளவு நேரம் என்று பொறாமைகூடப் பட்டான், பாவி. எழுந்து பார்த்தபோது அங்கே யாரும் நிற்கவில்லை.

ஒரு மணிக்கு ஆற்றுக் காவலர் சைக்கிளில் வந்தார். தோளில் அண்ணனுடைய தூண்டில் கோல்.

"கீழ பாறை இடுக்குல சிக்கியிருந்துச்சு. எடுத்தது எடுத்தபடி கொண்டாந்துட்டேன்."

தம்பி வாங்கினான். நூல் முழுக்க ரீலில் சுற்றியிருந்தது. கைப்பிடிக்கு மேலே இருக்கிற சின்னக் கம்பி வளையத்தில் பூச்சி மாட்டியிருந்தது. பிடித்து முடித்துக் கரையேறுகிறவன்தான் பூச்சியை அங்கே மாட்டுவான். மீன் மேலே வந்திருக்கும்போது எவனும் மாட்டமாட்டான். அண்ணன் முதலில் நூலைச் சுற்றியிருக்கிறான், பூச்சியை மாட்டியிருக்கிறான், அதற்கப்புறம் கையைத் தூக்கியிருக்கிறான். நில் என்று இல்லை. வா என்று.

கொக்கியைக் கழற்றிவிட்டால் போதும். ஒரு விரல் வேலை. யாருக்கும் தெரியாது. விரலை வைத்தும்விட்டான்.

"இங்க கொடு தம்பி."

அண்ணி பின்னால் நின்றாள். அந்த வீட்டில் பூச்சி கட்டுகிறவள் அவள்தான். வளையம் எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாட்டி வச்சிருக்காரே."

அவன் விரலை எடுத்துக்கொண்டான்.

"புடிச்சுக்கிட்டே போயிட்டாருன்னு சொன்னியே."

காவலர் தன் சைக்கிள் மணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையத் தூக்கினாரு அண்ணி. நான் பார்த்தேன். மீனுன்னு நெனச்சு உக்காந்துட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"என்னன்னு ஒரு வார்த்தை கேட்டா மீன் ஓடிப்போயிடும். இல்ல?"

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் கோலை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுகைச் சத்தம் வருமென்று காத்திருந்தான், வரவில்லை. மறுபடி நாற்காலிகளைத் தூக்கினான். இந்தமுறை அத்தை நகர்ந்து வழிவிட்டாள்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. தெருவின் அந்தப்பக்கம் நின்று, "இன்னும் கொஞ்சம் பின்னால, இன்னும் கொஞ்சம்" என்று டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தவன் சும்மா திரும்பினான். வாசற்படியில் நின்ற அண்ணியின் கை உயர்ந்தது.

ஓடினான். ஒரு நாற்காலி கவிழ்ந்தது. அத்தையின் காலை மிதித்தான். ஒரு செருப்பு தெருவிலேயே கழன்று கிடந்தது.

"என்ன அண்ணி? என்ன?"

நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள் அவள். கை பாதியில் நின்றது. மூச்சிரைக்க நிற்கிறவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். காலில் வந்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். "போய் செருப்பப் போட்டுக்கிட்டு வா தம்பி."

அவன் போகவில்லை. ஒற்றைச் செருப்போடு அவள் பக்கத்திலேயே நின்றான்.