ஒன்பது சதவீதப் போராளி

சிங்கப்பூரில் வீட்டு வாடகை மாதத்துக்கு எழுநூறு டாலர் ஏறியபோது சரத் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். வீட்டுக்காரம்மா கூடவே ஒரு டப்பா அன்னாசி டார்ட் கொடுத்ததுதான் காரணம். மகள் ரக்ஷனாவின் பள்ளிக் கட்டணம் வெளிநாட்டவருக்கென்று தனியாக ஓர் உயரத்தில் இருப்பது. அது இன்னும் இரண்டு படி மேலே ஏறியபோதும் அவன் வாய் திறக்கவில்லை. ஆனால் இணையத்தில் எதையாவது வாங்கப் போய், கடைசிப் பக்கத்தில் ‘ஜிஎஸ்டி 9%’ என்ற வரியைப் பார்த்துவிட்டால் போதும், அவனுக்குள் ஒரு விடுதலைப் போராட்ட வீரன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

“நானூறு டாலருக்குக் கீழ இருந்தா வரியே கிடையாது, தெரியுமா?” என்று 2022ஆம் ஆண்டைப் பற்றி, சோழர் ஆட்சியைப் பற்றிப் பேசுகிறவர்களின் குரலில் பேசுவான். அடுத்த ஆண்டு பிறந்ததும் வெளிநாட்டிலிருந்து வரும் சின்னப் பார்சல்களுக்கும் வரி வந்துவிட்டது. அவனைப் பொறுத்தவரை சோழர் ஆட்சி முடிந்த நாள் அதுதான்.

அவனுக்கு ஒரு படையும் இருந்தது. அவன் குடியிருக்கும் பேட்டையின் பெயரில் ‘செங்காங் சொந்தங்கள்’ என்ற வாட்ஸ்அப் குழுவில் நாற்பது தமிழ்க் குடும்பங்கள். எல்லாரும் கணினி வேலைக்காரர்கள். எல்லாருடைய சம்பளத்தையும் சேர்த்தால் ஒரு குட்டித் தீவே வாங்கலாம். அந்த நாற்பது பேரும் ஒரு போன் உறைக்கு வரி கட்டாமல் தப்புவது எப்படி என்று இரண்டு மணி நேரம் வாதாடுவார்கள். முடிவில் ஒருவர் சரத்தைக் கேட்பார். சரத் தீர்ப்புச் சொல்வான்.

தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: “யாராவது ஊர்லேர்ந்து வர்றாங்களா பாருங்க.”

இதிலும் ஒரு சூடு பட்டிருந்தான். போன வருடம் சென்னையிலிருந்து பெட்டி நிறையச் சாமானுடன் வந்து இறங்கியபோது, சாங்கி விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அவனுடைய வேலை பாஸைக் கேட்டார். பயணிகளுக்கு ஐந்நூறு டாலர் வரை, இங்கத்து வழக்கில் ஐந்நூறு வெள்ளி வரை, வரிச் சலுகை உண்டு. வேலை பாஸில் இங்கே இருப்பவர்களுக்கு அது கிடையாது என்று மென்மையாகச் சொன்னார். சரத் கட்டினான். ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பேசத் தொடங்கியபோது அவனிடம் புதிய தத்துவம் ஒன்று இருந்தது: சாமான் தூக்க ஒரு சிங்கப்பூர்க் குடிமகன் வேண்டும்.

அந்தக் குடிமகன், சரத் குடியிருந்த காண்டோ அடுக்குமாடி வளாகத்தின் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். மாணிக்கம், அறுபத்திரண்டு வயது, வாசல் காவலாளி. சரத் வீட்டில் இல்லாதபோது வரும் பார்சல்களை வாங்கி வைத்துக் கொடுப்பவர். மச்சினர் மகன் கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போகிறேன் என்று அவர் சொன்ன அன்று சரத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

ரக்ஷனாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை சமூக மன்றத்தில் முதல் பரதநாட்டிய மேடை. உடையும் நகையும் சென்னைக் கடையில் முந்நூற்று முப்பது டாலர். இங்கேயே அனுப்பிவைப்பார்கள், அனுப்புகூலிகூட இல்லை. வரி மட்டும் கிட்டத்தட்ட முப்பது டாலர்.

“அதைக் கட்டித் தொலையேன்” என்றாள் மனைவி இனியா.

“பணம் பிரச்சினை இல்ல இனியா. இது கொள்கை.”

“உன் கொள்கைக்கு டெலிவரி டேட் என்ன?”

கொள்கை, கடைக்காரரிடம் உடையைத் திருச்சிக்கு அனுப்பச் சொன்னது. அங்கிருந்து கொண்டுவர மாணிக்கம் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்று கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் வராதுல்ல தம்பி? அடுத்த மாசம் செக்யூரிட்டி லைசென்ஸ் ரினியூ பண்ணணும். கஸ்டம்ஸ்ல கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா இந்த வயசுல வேற யாரு லா வேலை கொடுப்பா?”

“அட என்னண்ணே, யாரு கேக்கப் போறா? கேட்டாலும் பேத்திக்குன்னு சொல்லிடுங்க, முடிஞ்சுது.”

மாணிக்கம் பதில் சொல்லாமல் கேட்டைத் திறந்துவிட்டார். ஒரு கார் காத்திருந்தது. சரத் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். தனக்குச் சாதகமான மௌனங்களை அவன் எப்போதும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான்.

பிறகு, ஆள்தான் போகிறாரே என்று, ஊர்க் கடையில் தன் அளவுக்குத் தைக்கக் கொடுத்திருந்த ஆறு சட்டைகளைத் திருச்சி முகவரிக்குத் திருப்பிவிட்டான். அப்புறம் மூக்குக்கண்ணாடி. அப்புறம் இரண்டு கிலோ காப்பித்தூள். இலவசம் என்றால் சரத்தின் கை நிற்காது.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு விமானம் இறங்கியது. வரவேற்க சரத் டாக்சியில் வந்தான். அந்தக் காசை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. போருக்கு ஆகும் செலவை வீரர்கள் பார்ப்பதில்லை. திருச்சிக்காரர்கள் வெளியே வந்தார்கள். தள்ளுவண்டிகள், குழந்தைகள், கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள். பதினொன்றே கால் ஆயிற்று. கடைசித் தள்ளுவண்டியும் போய்விட்டது. மாணிக்கம் வரவில்லை.

சரத் அனுப்பிய செய்திக்கு ஒரு டிக்தான் விழுந்தது.

இனியா அழைத்தாள். “வந்துட்டாரா?”

“இன்னும் இல்ல. உள்ள ஏதோ… லேட்டாகுது.”

“எதுக்கு லேட்டு?”

“கஸ்டம்ஸ்ல ஏதாவது கேக்கறாங்களோ என்னவோ…” என்று இழுத்தான் சரத். மீதி அவளுக்குப் புரிந்தது.

“அவரைப் பொய் சொல்லச் சொன்னியா?”

“சும்மா, கேட்டா மட்டும்னு…”

“ஆறாயிரம் டாலர் சோபா வாங்கின. அது உக்காரக்கூட லாயக்கில்ல. அப்போ உன் கொள்கை எங்க போயிருந்துச்சு? முப்பது டாலருக்கு ஒரு மனுஷனோட வேலைய வச்சு விளையாடுறியே. அவருக்கு மட்டும் ஏதாவது ஆகட்டும், வீட்டுக்கு வராத. அந்த நாற்பது பேர் வீட்ல போய்ப் படு.”

போன் வைக்கப்பட்டது. சரத் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே ஒரு சின்ன அறை, மேசை மேல் திறந்து கிடக்கும் அட்டைப் பெட்டி, எதிரே தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் மாணிக்கம் என்று மனம் படம் காட்டியது. அவர் எந்தத் தொப்பியும் போட்டுக்கொண்டு ஊருக்குப் போகவில்லை. இருந்தாலும் படத்தில் தொப்பி இருந்தது. உள்ளே போய் “சாமான் என்னுடையது” என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. அந்தக் கதவு வெளியே வருகிறவர்களுக்கு மட்டும்தான் திறந்தது. தைரியசாலியாக இருக்க முடியாத இடத்தில்தான் தனக்குத் தைரியம் வருகிறது என்பதையும் அவன் கவனித்தான்.

பதினொன்றே முக்காலுக்கு மாணிக்கம் வந்தார். தள்ளுவண்டியில் சரத்தின் அட்டைப் பெட்டியும் ஒரு சின்னத் தோள்பையும்.

“புடிச்சுட்டாங்களாண்ணே?”

“யாரு புடிக்கிறது? வரி கட்டுறவங்க போற சிவப்பு வழியில நானே போனேன் லா.”

“நீங்களாவா?”

“அந்த மலாய்ப் பொண்ணு ரொம்ப மரியாதை தம்பி. ‘அங்கிள், இது யாரோடது’ன்னுச்சு. எங்க காண்டோ தம்பியோடதுன்னேன். மத்தவங்க சாமானுக்குச் சலுகை இல்ல அங்கிள்னுச்சு. சரின்னு கட்டிட்டேன். நீங்க போன்ல அனுப்பின பில்லு எல்லாத்தையும் தேடி எடுக்கத்தான் நேரமாயிடுச்சு. நாலு சாமான், நாலு கடை. அதுவே சிரிக்குது.”

பயம் போனதும் சரத்தின் வாய் தொடங்கிவிட்டது. “பேத்திக்குன்னு சொல்லியிருக்கலாமேண்ணே…” சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

“எனக்கு ஏது பேத்தி? ரெண்டும் பேரனுங்க.” மாணிக்கம் தள்ளுவண்டியை நிறுத்தினார். “இருபத்தாறு வருஷமா கேட்டுல நிக்கிறேன் தம்பி. பொய் சொல்லிட்டு உள்ள வர்றவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்த மூஞ்சிய நானே மாட்டிக்கிட்டு எப்படிப் போறது?”

சரத் ஐம்பது வெள்ளித் தாளை நீட்டினான். வரி நாற்பத்து மூன்று வெள்ளி இருபது காசு. மாணிக்கம் நின்ற இடத்திலேயே மீதியைச் சில்லறையாக எண்ணிக் கையில் வைத்தார். காசுகள் சூடாக இருந்தன.

“உங்க பெட்டி எங்கண்ணே?”

“மச்சான் வீட்ல. திருச்சியில நிறுத்துப் பாத்தா எடை கூடிப் போச்சு. உங்க பெட்டி ஏழு கிலோ. எங்க வீட்டம்மா மங்களத்துக்கு ஒரு இரும்பு தோசைக்கல்லு வாங்கியிருந்தேன். நல்ல கனமான கல்லு. அதையும் இன்னும் ரெண்டு சாமானையும் எடுத்துக் கொடுத்துட்டேன்.”

“என் பெட்டியில எடுத்திருக்கக் கூடாதா?”

“நாளைக்குப் பாப்பாவுக்கு ஆட்டம்லா. தோசைக்கு என்ன அவசரம்?”

பாப்பாவின் உடையும் நகையும் சேர்ந்து மூன்று கிலோ. பாக்கி நான்கு கிலோ சட்டைகளும் காப்பித்தூளும். பாப்பா அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு ஆடப்போவதில்லை. சரத் இதை மாணிக்கத்திடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மன்னித்திருப்பார், அது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

“வாங்கண்ணே, லிட்டில் இந்தியாவுல சாப்பிட்டுட்டுப் போகலாம்” என்று மட்டும் சொன்னான்.

சாப்பிட்ட பிறகு, பஃப்ளோ ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்குள் அவரை இழுத்துக்கொண்டு போனான். இரும்புக் கல் நாற்பத்தெட்டு வெள்ளி என்றாள் கடைக்காரப் பெண். “ஜிஎஸ்டி சேர்த்துதான் சார்” என்று கேட்காமலே சொன்னாள். சரத்தின் உள்ளே இருந்த வீரன் எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமினான்.

“வேணாம் தம்பி” என்றார் மாணிக்கம். “ஊர்ல எண்ணூறு ரூபா. அடுத்த வருஷம் போறப்ப எடுத்துக்கலாம்.”

“அதுவரைக்கும் அக்கா எதுல தோசை ஊத்துவாங்க?”

“இப்ப ஊத்துறதுலதான்.”

“அது எப்படி இருக்கு?”

மாணிக்கம் கொஞ்சம் யோசித்தார். “ஒட்டும்.”

சரத் கடன் அட்டையை நீட்டினான். வீரன் மறுபடி படுத்துக்கொண்டான். செத்துவிடவில்லை, அப்படிப்பட்டவர்கள் லேசில் சாவதில்லை.

மாணிக்கத்தின் வீடு தீவின் மறுகோடியில், பூன் லேயில். அவருடைய தோள்பையோடு கல்லையும் சுமக்கவிட சரத்துக்கு மனம் வரவில்லை. ஒரு கையில் தோசைக்கல், மறு கையில் ஏழு கிலோ பெட்டி. அவுட்ராமில் ரயில் மாறும்போது மூச்சு வாங்கியது. “கொடுங்க தம்பி, நான் தூக்கறேன்” என்று மாணிக்கம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சரத் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். பையின் கைப்பிடி விரல்களில் இறங்கிச் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது.

போன் அடித்தது. எடுக்க அவனுக்குக் கை இல்லை, மாணிக்கம் எடுத்து அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

“டிரஸ் வந்துச்சா? அவருக்கு ஒண்ணும் ஆகலையே?”

“ரெண்டும் பத்திரம். அவர்தான் போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.”

“எங்க இருக்க?”

“ஜூரோங் தாண்டிட்டேன். பூன் லே போறேன்.”

“செங்காங் எங்க இருக்கு, பூன் லே எங்க இருக்கு? அங்க எதுக்கு?”

“ஒரு தோசைக்கல்லு டெலிவரி.”

“சரி” என்றாள் இனியா. “அந்த மனுஷன்கிட்ட டெலிவரி சார்ஜ் கேட்டுடாத.”