காலி டிரெய்லர்

ஃபைபர் படகு கட்டிக்கொண்டிருந்த ரெக்ஸ், லாரிகளுக்குக் கூரை மூடி செய்யலாம் என்று இறங்கியபோது அனுஜாவை வேலைக்கு எடுத்தார். டிரைவர் கேபினுக்கு மேல் சாய்வாகப் பொருத்துகிற ஃபைபர் மூடி அது. அது இல்லாவிட்டால், கேபினைத் தாண்டி உயர்ந்து நிற்கும் கண்டெய்னரின் முகப்பில் காற்று நேராக மோதும். மூடி அந்தக் காற்றை மேலே வழுக்கிப் போகவைக்கும். இழுவை குறைந்தால் டீசல் மிச்சம். எவ்வளவு சாய்வு, எங்கே வளைவு என்பதைக் கம்ப்யூட்டரில் காற்றை ஓடவிட்டுப் பார்த்துச் சொல்வது அனுஜாவின் வேலை.

அவள் சொன்ன வடிவம் நன்றாகவே அமைந்தது. கண்டெய்னரோடு மதுரை வரை ஓட்டிப் பார்த்ததில் டீசலும் குறைந்தது. ரெக்ஸ் மூடி வார்க்க அச்சு செய்தார், விளம்பரத் தாள் அடித்தார், லாரி முதலாளிகளைக் கூட்டத்துக்கு அழைத்தார்.

இடையில் ஒருநாள், துறைமுகச் சாலையில் பஸ்ஸுக்கு நின்ற அனுஜா எதிரே வந்த லாரிகளைப் பார்த்தாள். கண்டெய்னரை இறக்கிவிட்டுத் திரும்புகிறவை. கேபினுக்குப் பின்னால் வெறும் டிரெய்லர் சட்டம். இப்படி ஓடும்போது மூடி என்ன செய்யும் என்று யாருமே பார்க்கவில்லை, தான் உட்பட, என்பது அவளுக்குச் சுரீரென்று உறைத்தது.

ஆபீசுக்குப் போனதும் கம்ப்யூட்டரில் கண்டெய்னரை எடுத்துவிட்டுக் காற்றை ஓடவிட்டாள். பின்னால் எதுவும் இல்லாதபோது மூடியே காற்றை மறித்துக்கொண்டு நின்றது. அதன் முதுகில் காற்று சுழன்று லாரியைப் பின்னுக்கு இழுத்தது. மூடியே இல்லாமல் ஓடுவது மேல்.

ரெக்ஸிடம் சொன்னாள். கீல் வைத்து, காலியாக வரும்போது படுக்கவைத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னாள். அச்சு முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார் அவர். விளம்பரத் தாளில் மிச்சமாகும் டீசலுக்கு ஒரே ஒரு கணக்குதான் இருந்தது, கண்டெய்னரோடு ஓட்டியது. அதன் கீழே, ஆய்வு செய்தவர் என்று அனுஜாவின் பெயர்.

"வாங்குதவன் கேக்காத கேள்விக்கு நீ எதுக்கும்மா பதில் சொல்லுத?"

"கீழ என் பேரைல்லா போட்டிருக்கீங்க."

கூட்டத்தன்று, கண்டெய்னரோடு எடுத்த படத்தை மட்டும் காட்டச் சொல்லியிருந்தார். காட்டினாள். நீலக் கோடுகளாகக் காற்று வழுக்கிப் போனதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். ரெக்ஸ் எழுந்து மைக்கை வாங்க வந்தார். அவள் கொடுக்கவில்லை. அடுத்த படத்தைப் போட்டாள். காலி டிரெய்லர் அது; காற்று மோதி மூடியின் முகம் முழுக்கச் சிவப்பு.

ரெக்ஸ் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கினார். திரை வெளுத்தது. அவள் வாயாலேயே சொன்னாள்: போகவர லோடு இருந்தால் வாங்குங்கள், காலியாகத் திரும்புகிறவர்களுக்கு இது ஆகாது, கீல் வைத்துப் படுக்கவைக்கிற மூடிதான் வேண்டும். புதுப்பிள்ளை, கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டாள் என்று ரெக்ஸ் சமாளித்தார்.

"தப்புன்னா காலி டிரெய்லர் ஒண்ணைக் கொண்டாங்க சார். மூடி வச்சும் வைக்காமலும் ஓட்டிப் பாப்போம். இவங்க எல்லாரும் பாக்கட்டும்."

டிரெய்லர் எதுவும் வரவில்லை. பாதிப் பேர் அப்போதே ஆர்டர் கொடுத்தார்கள். சிலர் இவளைத்தான் முறைத்தார்கள். ரெக்ஸ் அவளை வாசல் வரை கொண்டுவந்துவிட்டு, இனி வரவேண்டாம் என்றார்.

அவள் போய்விடவில்லை. ரோட்டில் நின்றுகொண்டாள். வெளியே வந்தவர்களிடம் விளம்பரத் தாளைக் கேட்டு வாங்கித் தன் பெயரைக் கோடிட்டு அடித்து, 'காலியாக ஓட்டினால் நஷ்டம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சிலர் தரவில்லை. வாட்ச்மேன் வந்து நகரச் சொன்னார். ரோடு கம்பெனிக்குச் சொந்தமா என்று கேட்டாள். அடுத்தவரின் தாளுக்குக் கை நீட்டினாள்.

கடைசியாக வந்தது விக்டோரியா. கணவர் கப்பலில் இருக்க, சொந்த லாரிகளைத் தானே ஓட்டத்துக்கு விடுகிறவர். அவருடைய வண்டிகள் பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பும்.

"ஏளா, அந்தக் கீல் வச்சதை உன்னால செய்ய முடியுமா?"

"முடியும்க்கா. ஆனா வேற வடிவம். அவர் அச்சு எனக்கு வேண்டாம்."

விக்டோரியாவின் ஷெட்டிலேயே வேலை நடந்தது. முதல் கீல் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிட்டது. டிரைவர் சிரித்தார், அனுஜா சிரிக்கவில்லை. அடுத்ததைத் துருப்பிடிக்காத எஃகில் செய்தாள். அது மடங்கியது, நிமிர்ந்தது, நிலைத்தது.

இப்போது விக்டோரியாவின் லாரி துறைமுகத்தில் கண்டெய்னரை இறக்கிவிட்டு, மூடியைப் படுக்கவைத்துக்கொண்டு திரும்புகிறது. ரெக்ஸின் பட்டறை வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. பைபாஸ் இருக்கிறது. பட்டறை வழியாகவே விடச் சொல்லி டிரைவரிடம் சொல்லிவைத்திருப்பது விக்டோரியா. அனுஜா வேண்டாம் என்று சொல்லவில்லை.